ஏஎம்டி ஏன் விலையை இறக்கி இன்டெலை முந்தவில்லை?

கேள்வி கேட்டவர் கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவில் கணினி பூட்டி விற்கும் கடையில் வேலை செய்கிறாராம். அவர் கேட்டது இவ்வளவுதான்: "ஏஎம்டி சிப்தான் வேண்டும் என்று வாடிக்கையாளர்களே கேட்டு வருகிறார்கள். அப்புறம் ஏன் அது சந்தையில் பாதியைக்கூடப் பிடிக்கவில்லை? சொந்த ஆலை இல்லாததுதான் காரணமா? சந்தைப் பங்கு கூடினால் விலை இறங்குமா?" ஏஎம்டி, இன்டெல் இரண்டும் கணினியின் மூளையான சிப்பை விற்கும் அமெரிக்கக் கம்பெனிகள். எந்தச் சிப் நல்லது என்ற பழைய சண்டை மாதிரி இது தெரியலாம். ஆனால் தம்பி கேட்பது வேறு. நல்ல பொருளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கம்பெனி ஏன் விலையை இறக்கிச் சந்தையை அள்ளவில்லை என்று கேட்கிறார். அதற்குத்தான் பதில் சொல்லப் போகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. பினாங்கு பாயான் லெப்பாஸில் சிப் பேக்கேஜிங், சோதனை வேலையில் 26 ஆண்டு இருந்தேன். 1996-இல் இரவு ஷிப்டில் டெக்னீஷியனாகச் சேர்ந்து, கடைசியில் சோதனைப் பிரிவில் பொறியாளராக இருந்து வெளியே வந்தேன். எந்தக் கம்பெனி என்று சொல்லமாட்டேன். சேரும்போது கையெழுத்துப் போட்ட காகிதம் இன்னும் செல்லும். கீழே இருப்பதெல்லாம் வெளியே எல்லோருக்கும் தெரிந்த செய்தியும், லைனில் நின்று கற்றுக்கொண்டதும்தான். வேஃபர் (பல சிப்களை ஒன்றாகச் செய்து பிறகு வெட்டியெடுக்கும் வட்டச் சிலிக்கான் தகடு) செய்யும் ஆலைக்குள் நான் வேலை பார்த்ததில்லை. பங்கு வாங்கலாமா என்று மட்டும் யாரும் கேட்காதீர்கள்.

முதலில் சுருக்கமான பதில். விலையை இறக்கினால் விற்பனை கூடும் என்பது, கிடங்கில் சரக்கு மிச்சம் வைத்திருப்பவனுக்கான கணக்கு. மாதம் நூறு பெட்டிதான் வரும், நூறும் விற்றுவிடும் என்ற நிலையில் இருப்பவன் விலையை இறக்கினால் விற்பது அதே நூறு பெட்டிதான். கையில் நிற்கும் காசுதான் குறையும். ஏஎம்டி கடந்த இருபது ஆண்டில் நல்ல சிப் வைத்திருந்த காலங்களில் எல்லாம் பெரும்பாலும் இந்த நூறு பெட்டிக்காரன் நிலையில்தான் இருந்திருக்கிறது.

எங்கள் ஊருக்கு இந்தக் கதை ஒன்றும் புதிதல்ல. 1972-இல் முதலமைச்சர் லிம் சோங் இயூ காலத்தில் பாயான் லெப்பாஸில் சுதந்திர வணிக வட்டாரம் தொடங்கியபோது வந்த முதல் எட்டுக் கம்பெனிகளை 'எட்டு சாமுராய்' என்பார்கள். இன்டெல், ஏஎம்டி இரண்டுமே அந்த எட்டில் உண்டு. இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே கட்டிய முதல் பேக்கேஜிங் ஆலையே இங்கேதான். உலகத்துக்கு அவர்கள் ஜென்மப் பகையாளிகள். இங்கே ஒரே வட்டாரத்தில் இரண்டு கம்பெனி பஸ்ஸும் ஒரே சாலையில் போகும், ஒரே வீட்டில் அக்கா ஒன்றிலும் தங்கை இன்னொன்றிலும் ஆபரேட்டராக இருப்பார்கள். பிறகு 2016-இல் ஏஎம்டி தன் பினாங்கு ஆலையிலும் சீனாவின் சூச்சோ ஆலையிலும் 85 விழுக்காட்டை ஒரு சீனக் கம்பெனிக்கு விற்றது. அந்தக் கூட்டு நிறுவனம்தான் டிஎஃப்-ஏஎம்டி. ஆக இன்று ஏஎம்டிக்கு வேஃபர் செய்யும் ஆலையும் இல்லை, அதைக் கட்டிச் சோதிக்கும் இந்த ஆலைகளிலும் சிறுபங்குதான். தம்பியின் இரண்டாவது கேள்வி இதிலிருந்துதான் வருகிறது.

ஆனால் 'சொந்த ஆலை இருந்திருந்தால்' என்று ஏங்குபவர்கள் 2006-ஐ ஒரு முறை திரும்பிப் பார்க்க வேண்டும். ஏனென்றால் அப்போது ஏஎம்டிக்குச் சொந்த ஆலை இருந்தது. 2003 ஏப்ரலில் வந்த ஆப்டெரான் சிப், சர்வர் சந்தையையே புரட்டிப் போட்டது. இன்டெல் அந்த நேரத்தில் பெண்டியம் 4-இன் சூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. 2006-இல் விற்ற இவ்வகை சர்வர் சிப்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று ஏஎம்டியுடையது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் ஏற்கெனவே ஓர் ஆலை. 2005 அக்டோபரில் பக்கத்திலேயே 300 மில்லிமீட்டர் வேஃபருக்கு ஃபேப் 36 என்ற இன்னோர் ஆலை. போதாதற்கு சிங்கப்பூரில் சார்ட்டர்ட் கம்பெனியிடமும் செய்து வாங்கினார்கள். 2006-இல் டெல் முதன்முறையாக ஏஎம்டி சிப் எடுக்க ஒப்புக்கொண்டது. வெற்றிதான். ஆனால் டெல்லுக்கு அனுப்பிய வேகத்தில் சில்லறைக் கடைகளுக்குச் சரக்கு வராமல் போனது. அந்த ஆண்டுக் கடைசியில் லோ யாட்டில் கடை வைத்திருந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

அதே 2006 ஜூலையில் இன்டெல் கோர் 2 டியோவை இறக்கியது. ஒரே மாதத்தில் ஏஎம்டி தன் இரட்டைக் கோர் சிப்களில் பலவற்றின் விலையை ஏறத்தாழப் பாதியாக வெட்ட வேண்டி வந்தது. அதே மாதம்தான் ஏடிஐ என்ற கிராபிக்ஸ் சிப் கம்பெனியை 5.4 பில்லியன் டாலருக்கு வாங்குவதாக அறிவித்தார்கள். புது ஆலையின் கடன், வாங்கிய கம்பெனியின் கடன், பாதியான விலை, மூன்றும் ஒரே நேரத்தில் கழுத்தைப் பிடித்தன. 2007-இல் மட்டும் 3 பில்லியன் டாலருக்கு மேல் நட்டம். விலையை இறக்கினார்கள், ஆலையும் இருந்தது, ஆனால் சந்தைப் பங்கு கூடவில்லை. 2017 வாக்கில் சர்வர் சந்தையில் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே போய்விட்டது. தம்பி சொல்லும் மருந்தை ஏற்கெனவே குடித்துப் பார்த்துச் சாகப் பிழைக்கக் கிடந்த கம்பெனி இது.

இங்கே ஒரு பக்கக் கதை இருக்கிறது. இன்டெல் கணினிக் கம்பெனிகளுக்குத் தள்ளுபடி கொடுத்து ஏஎம்டியை வெளியே நிறுத்தியது என்ற வழக்கு. 2009-இல் இன்டெல் ஏஎம்டிக்கு 1.25 பில்லியன் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. ஐரோப்பிய ஆணையம் அதே ஆண்டு 1.06 பில்லியன் யூரோ அபராதம் போட்டது. 2022-இல் ஐரோப்பிய நீதிமன்றம் அந்த அபராதத்தை ரத்து செய்தது. இவை உறுதியான செய்திகள். ஏஎம்டி தேய்ந்ததில் தள்ளுபடியின் பங்கு எவ்வளவு, 2011-இல் வந்த புல்டோசர் சிப் சொதப்பியதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது வெறும் அபிப்பிராயம்தான். என் அபிப்பிராயம், சிப் சொதப்பியதுதான் பெரிய காரணம். நல்ல சிப் இருந்தபோது தள்ளுபடியையும் மீறி நான்கில் ஒரு பங்கு எடுத்தார்கள்தானே.

2009-இல் ஆலைகளைப் பிரித்து அபுதாபி பணத்தோடு குளோபல்ஃபவுண்டரிஸ் என்று தனிக் கம்பெனி ஆக்கினார்கள். நிறுவனர் ஜெர்ரி சாண்டர்ஸ் ஒரு காலத்தில் ஆம்பளைக் கம்பெனி என்றால் சொந்த ஆலை இருக்க வேண்டும் என்ற பொருளில் மார்தட்டியவர்; அவர் கம்பெனியே ஆலையை விட்டது. ஆலையை விட்டாலும் ஆலையின் பிடி விடவில்லை. இத்தனை வேஃபர் வாங்கியே தீருவோம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். கணினி விற்பனை படுத்தபோது வாங்க முடியவில்லை. 2012 டிசம்பரில் அந்த ஒப்பந்தத்தைத் திருத்த 320 மில்லியன் டாலர் தண்டம் கட்டினார்கள். வாங்காத சரக்குக்குக் கட்டிய பணம் அது.

இதை எப்படிச் சொன்னால் புரியும்? நம் ஊரில் தை மாத முகூர்த்தத்துக்கு நல்ல மண்டபம் வேண்டுமென்றால் முந்தின தையிலேயே முன்பணம் கட்ட வேண்டும். சிப் தொழிலில் சிக்கல் என்னவென்றால், பெண் பார்ப்பதற்கு முன்பே மண்டபம் பிடிக்க வேண்டும். எத்தனை பேர் வருவார்கள் என்றும் அப்போதே சொல்ல வேண்டும். குறைவாகச் சொன்னால் பந்தியில் இடமில்லை. கூடுதலாகச் சொன்னால் வராத ஆளுக்கும் சாப்பாட்டுக் காசு. வேஃபர் ஆலைக்குள் நுழைந்து வெளியே வரவே மூன்று, நான்கு மாதம். அப்புறம் பேக்கேஜிங், சோதனை, கப்பல் அல்லது விமானம். ஆலையில் உங்களுக்கான இடத்தை அதற்கும் வெகு முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். மண்டபமே சொந்தமாக வைத்திருப்பவர் இன்டெல். அவருக்கு இந்தக் கவலை இல்லை, ஆனால் முகூர்த்தமில்லாத மாதத்திலும் கரண்ட் பில் அவர்தான் கட்ட வேண்டும். 

2018 ஆகஸ்டில் குளோபல்ஃபவுண்டரிஸ் 7 நானோமீட்டர் வேலையைக் கைவிட்டது (இந்த எண் சிறிதாகச் சிறிதாகத் தொழில்நுட்பம் புதியது என்று வையுங்கள்). ஏஎம்டி தன் முக்கியமான சிப் அத்தனையையும், மற்றவர்களுக்குச் சிப் செய்து கொடுக்கும் தைவானின் டிஎஸ்எம்சியிடம் கொண்டுபோனது. 2019-இல் மேசைக் கணினிக்கு ரைசன் 3000, சர்வருக்கு இரண்டாம் தலைமுறை எப்பிக். இவற்றின் வெற்றிக்கு வடிவமைப்பைப் புகழ்வார்கள். என் மாதிரி லைன் ஆட்கள் புகழ்வது இன்னொன்றை: சிப்பைத் துண்டு போட்டதை. 

வீட்டில் தீபாவளிக்குக் கிண்டிய மைசூர்பாகுத் தட்டில் அங்கங்கே நாலைந்து கல் விழுந்துவிட்டது என்று வையுங்கள். பெரிய பெரிய துண்டாக வெட்டினால் தட்டில் பாதி துண்டுகளில் கல் இருக்கும். சின்னத் துண்டாக வெட்டினால் கெட்டது நாலைந்து துண்டு, மற்றதெல்லாம் பரிமாறலாம். வேஃபரும் அப்படித்தான். சதுர சென்டிமீட்டருக்கு 0.1 குறை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். 300 மில்லிமீட்டர் வேஃபரில் 600 சதுர மில்லிமீட்டர் சிப் ஏறத்தாழ 90 வரும். அதில் நல்லது 50 தேறும். ரைசன் 3000-இன் கோர்த் துண்டு (கணக்குப் போடும் கோர்கள் இருக்கும் துண்டு) 74 சதுர மில்லிமீட்டர்தான். அதே வேஃபரில் 870-க்கு மேல் வரும். 810 போல நல்லதாக இருக்கும். எட்டெட்டாகச் சேர்த்தால் நூறு சர்வர் சிப். ஒரே வேஃபர், இரட்டிப்பு விளைச்சல். விளிம்பு வீண், வெட்டுக்கோடு எல்லாம் சேர்த்தால் என் எண்கள் கொஞ்சம் நகரும். விகிதம் பெரிதாக மாறாது. உள்ளீடு வெளியீட்டைப் பார்க்கும் துண்டை மட்டும் குளோபல்ஃபவுண்டரிஸிடமே பழைய, மலிவான முறையில் செய்துகொண்டார்கள். பழைய ஒப்பந்தத்துக்கும் வேலை கொடுத்தாயிற்று, டிஎஸ்எம்சியில் பிடித்த இடமும் வீணாகவில்லை. சொந்த ஆலை இல்லாதவர்கள் உற்பத்தியைப் பெருக்கிக்கொண்ட வழி இது. புது ஆலை கட்டாமலே ஒரு ஆலை கட்டிய மாதிரி.

இத்தனைக்கும் பிறகும் 2020-இல் சரக்கு போதவில்லை. அந்த நவம்பரில் என்ன நடந்தது என்பதுதான் தம்பியின் விலைக் கேள்விக்கு நேரான பதில். ஒரே மாதத்தில் ரைசன் 5000, பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் மூன்றும் வெளிவந்தன. மூன்றுக்கும் சிப் ஏஎம்டியுடையது, மூன்றும் டிஎஸ்எம்சியின் 7 நானோமீட்டர் லைனில் செய்தவை. எக்ஸ்பாக்ஸ் சிப் ஒன்று 360 சதுர மில்லிமீட்டர். அது பிடிக்கும் இடத்தில் நான்கைந்து கோர்த் துண்டு செய்யலாம். ஆனால் விளையாட்டுப் பெட்டிக்குப் பல ஆண்டு ஒப்பந்தம் போட்டிருக்கும்போது முதல் ஆண்டே கையை விரிக்க முடியாது. மிச்சமிருக்கும் வேஃபரை எதற்குக் கொடுப்பது? கணக்குப் பாருங்கள். எட்டுக் கோரும் வேலை செய்யும் துண்டு ஒன்றைப் போட்ட ரைசன் 7 5800எக்ஸ் 449 டாலர். எட்டுத் துண்டு என்றால் 3,592 டாலர். அதே எட்டுத் துண்டைச் சேர்த்து 64 கோர் எப்பிக் 7763 ஆக்கினால் பட்டியல் விலை 7,890 டாலர். மொத்தமாக வாங்கும் பெரிய கம்பெனிகள் பட்டியல் விலை கொடுப்பதில்லை, எப்பிக்கின் நடுவில் இருக்கும் உள்ளீடு வெளியீட்டுத் துண்டும், சிப் உட்காரும் அடிப்பலகையும் பெரியவை, செலவு கூடுதல். அதையெல்லாம் கழித்தாலும் எந்தப் பக்கம் வேஃபர் போகும் என்று சொல்லப் பெரிய படிப்புத் தேவையில்லை.

அதனால்தான் அந்த நவம்பரில் ரைசன் விலை இறங்கவில்லை, ஏறியது. முந்தின தலைமுறையில் 249 டாலருக்கு வந்த ஆறு கோர் 3600எக்ஸ் இடத்தில் 5600எக்ஸ் 299 டாலருக்கு வந்தது. அதற்குக் கீழே மலிவான சிப்பே வெளியிடவில்லை. கடைக்காரர்கள் திட்டினார்கள், ஏஎம்டிக்குத் திமிர் வந்துவிட்டது என்றார்கள். திமிரும் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் சரக்கு பற்றாத இடத்தில் விலைதான் வரிசையை ஒழுங்குபடுத்துகிறது. மலிவான 5600 எப்போது வந்தது? 2022 ஏப்ரலில், 199 டாலருக்கு. இடையில் என்ன மாறியது என்று பாருங்கள்: 2021 நவம்பரில் இன்டெல் ஆல்டர் லேக் சிப்பை இறக்கியது, அடுத்த ஜனவரியில் அதிலேயே மலிவான வகைகள் வந்தன. விலையை இறக்கியது ஏஎம்டியின் சந்தைப் பங்கு அல்ல, எதிராளியின் சிப்.

இதில் லைன் ஆள் ஒருவன் சேர்த்துச் சொல்ல வேண்டியது 'பின்' விஷயம். சோதனை யந்திரத்திலிருந்து வரும் துண்டெல்லாம் ஒரே மாதிரி இருக்காது. ஒன்று எட்டுக் கோரும் வேகமாக ஓடும். ஒன்று எட்டும் ஓடும், ஆனால் சூடு அதிகம். ஒன்றில் ஒரு கோர் செத்திருக்கும். அவற்றைத் தரம் பிரித்துத் தனித்தனிப் பின்னில் போடுவோம். ஆறு கோர் சிப் என்று நீங்கள் விற்பதில் பல, இரண்டு கோரை அணைத்துவிட்ட எட்டு கோர்த் துண்டுதான். புது லைன் ஆரம்பத்தில் குறை அதிகம் என்பதால் ஆறு கோர்ச் சரக்கு தானாகச் சேரும். லைன் பழகப் பழக நல்ல துண்டே அதிகம் வரும். அப்போது ஆறு கோர் விற்க நல்ல எட்டைக் கெடுக்க வேண்டும். இதனால்தான் மலிவு வகை தாமதமாக வந்து, சில நேரம் திடீரென்று நிறைய வந்து, அப்புறம் காணாமல் போகிறது. ஷிப்ட் முடிவில் பின் கணக்கைப் பார்த்தே அடுத்த காலாண்டில் எந்த வகை மலியும் என்று டீக்கடையில் பந்தயம் கட்டியவர்கள் உண்டு. பெரும்பாலும் நாசி கண்டார் ஒரு தட்டுதான் பந்தயம். 

உற்பத்தித் திறன் என்றால் வேஃபர் மட்டும்தான் என்று நினைத்துவிடக் கூடாது. 2021-இல் நான் இருந்த இடத்தில் வேஃபர் வந்து பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தது, சோதனை யந்திரங்கள் சும்மா நின்றன. வராதது சப்ஸ்ட்ரேட், அதாவது சிப் உட்காரும் அடிப்பலகை. அந்தப் பலகையின் அடுக்குகளுக்கு நடுவே வரும் காப்புப் படலம் ஏபிஎஃப். அதைச் செய்வது அஜினோமோட்டோ. ஆமாம், சமையலறை அஜினோமோட்டோதான். உலகமே அந்தப் படலத்துக்கும் பலகைக்கும் வரிசையில் நின்றது. ஆயிரக்கணக்கான டாலர் சிப் ஒன்று, பலகை இல்லாமல் மூன்று வாரம் அலமாரியில் கிடந்ததை அன்று கண்ணால் பார்த்தேன். அப்போதுதான் ஏஎம்டி போன்ற கம்பெனிகள் பலகைக்கும் முன்பணம் கட்டத் தொடங்கின. ஆஸ்திரியாவின் ஏடி அண்ட் எஸ் கம்பெனி 2021-இல் 1.7 பில்லியன் யூரோ முதலீடு என்று அறிவித்து, இங்கிருந்து பாலம் தாண்டினால் ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய குலிமில் பலகை ஆலை கட்டியது. அதன் வாடிக்கையாளர்களில் ஏஎம்டியும் ஒன்று. ஏஎம்டியின் உற்பத்தி எதிர்காலத்தைப் பற்றிப் பேசுபவர்கள் தைவானை மட்டும் பார்க்கிறார்கள். குலிமையும், பினாங்கின் பெருநிலப் பக்கத்தில் இருக்கும் பத்து காவானையும் பார்ப்பதில்லை என்பது என் பழைய குறை.

சரி, சந்தைப் பங்குக்கு வருவோம். 'பாதியைக்கூடப் பிடிக்கவில்லை' என்பது எந்தக் கணக்கைப் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மெர்க்குரி ரிசர்ச் என்ற நிறுவனம் காலாண்டுதோறும் வெளியிடும் எண்களைத்தான் எல்லோரும் எடுத்துக் காட்டுகிறார்கள். 2024-இன் பிற்பாதியில் சர்வர் சிப் எண்ணிக்கையில் ஏஎம்டி நான்கில் ஒரு பங்கு. பண மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு. ஒரே சந்தை, இரண்டு எண். எண்ணிக்கையை விடப் பணத்தில் பங்கு கூடுதல் என்றால் என்ன பொருள்? எதிராளியை விட விலை உயர்ந்த சிப்பை விற்கிறார்கள் என்று பொருள். மலிவாகக் கொடுத்துப் பிடித்த சந்தை அல்ல அது. இன்னொன்று, இந்த எண்கள் இன்டெல், ஏஎம்டி விற்கும் எக்ஸ்86 வகைச் சிப்பை மட்டும் எண்ணுபவை. ஆப்பிள் 2020-இல் தன் சொந்த சிப்புக்கு மாறியதும், அமேசான் தன் சர்வர்களில் கிராவிட்டான் என்ற சொந்த சிப்பைப் போடுவதும் இந்தக் கணக்கில் வரா. ஏஎம்டி, இன்டெல் இரண்டும் பங்கிட்டுக்கொள்ளும் தட்டே சுருங்கலாம் என்பதை இந்த விழுக்காடுகள் காட்டமாட்டா.

இன்டெல் பக்கம் ஒரு வார்த்தை. சொந்த ஆலைக்காரனுக்கும் பற்றாக்குறை வரும். 2018-19-இல் 10 நானோமீட்டர் தாமதமாகி எல்லாச் சுமையும் 14 நானோமீட்டர் லைன்கள் மேல் விழுந்தபோது இன்டெல்லால் கேட்ட அளவு கொடுக்க முடியவில்லை. அந்த இடைவெளியில்தான் ஏஎம்டி மடிக்கணினிகளுக்குள் அதிகமாக நுழைந்தது. மறுபக்கம், விற்பனை படுத்தால் சொந்த ஆலைக்காரனுக்குத்தான் அடி பலம். 2024-இல் இன்டெல்லின் நட்டம் 18.8 பில்லியன் டாலர். இப்போது வேடிக்கை என்னவென்றால், 2024-இல் வந்த லூனார் லேக், ஆரோ லேக் சிப்களின் முக்கியத் துண்டுகளை இன்டெல்லே டிஎஸ்எம்சியிடம் கொடுத்துச் செய்தது. ஒரே கடை முன்னால் இரண்டு பகையாளியும் வரிசையில். வரிசையின் முன்னால் ஆப்பிளும் என்விடியாவும். ஏஐ சிப்களின் பசி வேறு. ஏஎம்டியின் சொந்த எம்ஐ300 சிப்பும் அதே டிஎஸ்எம்சி லைனில், அதே உயர்தர பேக்கேஜிங் இடத்தில் பங்கு கேட்கிறது. ரைசனுக்குப் போட்டி இன்டெல் மட்டும் அல்ல, ஏஎம்டியின் இன்னொரு பிள்ளையும்தான்.

இனி என்ன நடக்கும்? ஏஎம்டி 2025 நவம்பரில் முதலீட்டாளர்களிடம், அடுத்த சில ஆண்டில் சர்வர் சிப் வருவாயில் பாதிக்கு மேல் பிடிப்பதே இலக்கு என்றது. 'வருவாயில்' என்ற சொல்லைக் கவனியுங்கள். எண்ணிக்கையில் என்று சொல்லவில்லை. அந்த இலக்கு எட்டக்கூடியது என்றே நினைக்கிறேன். சர்வர் வாங்குபவர்கள் சில பெரிய கம்பெனிகள். அவர்கள் மனம் மாறினால் கணக்கு சட்டென்று மாறும், ஒரு வேஃபருக்குக் கிடைக்கும் காசும் அங்கேதான் அதிகம். மடிக்கணினி எண்ணிக்கையில் பாதி என்பது எனக்கு நம்பிக்கை இல்லாத விஷயம். அங்கே கோடிக்கணக்கில் மலிவு சிப் வேண்டும், விலை கூடாமல், தேதி தவறாமல். வரிசையில் நின்று வேஃபர் வாங்குபவன் அந்த வியாபாரத்துக்குத் தன் இடத்தைக் கொடுக்கமாட்டான். ஆலையை நிரப்பியாக வேண்டிய இன்டெல் விட்டுக்கொடுக்கவும் மாட்டான். இந்தப் பத்தியில் இருப்பது என் கணிப்பு மட்டுமே. இதற்கு முன் நான் தப்பாகக் கணித்ததும் உண்டு: 2015-இல் ஏஎம்டி பங்கு இரண்டு டாலருக்குக் கீழே கிடந்தபோது, இந்தக் கம்பெனி ஐந்து வருடம் தாங்காது என்று ஒரு ஜூனியரிடம் சத்தியம் செய்தேன். அவன் வாங்கினான். அவன் வீடு இப்போது குயின்ஸ்பேயில்.

ஆகவே மூன்றாவது கேள்விக்கு: இல்லை தம்பி, ஏஎம்டியின் பங்கு கூடினால் விலை இறங்காது. இரண்டு பேர் கையிலும் சரக்கு மிஞ்சும்போதுதான் இறங்கும். 2022-இன் பின்பாதியில் கணினி விற்பனை சரிந்தபோது அப்படித்தான் நடந்தது, 6.7 பில்லியன் டாலர் வருவாய் எதிர்பார்த்த காலாண்டில் ஏஎம்டிக்கு 5.6 பில்லியன்தான் வந்தது, கடைகளில் தள்ளுபடி கொட்டியது. உங்கள் கடையில் உட்கார்ந்தபடியே இதை முன்கூட்டிப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. விலைச்சீட்டைப் பார்க்காதீர்கள். ஆர்டர் போட்ட தேதிக்கும் சரக்கு வந்த தேதிக்கும் எத்தனை நாள் என்று வகைவாரியாக ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நாள் குறையத் தொடங்கினால் சில வாரங்களில் விலை அசையும். கூடத் தொடங்கினால் வாடிக்கையாளரைக் காத்திருக்கச் சொல்லாதீர்கள், கையில் இருப்பதை விற்றுவிடுங்கள். ஆறு கோர் வகைக்குத் தனிப் பக்கம் போடுங்கள். ஆறு மாதம் எழுதிய பிறகு அந்தப் பக்கத்தை இங்கே போட்டால், லைனில் என்ன நடந்திருக்கும் என்று நான் ஊகித்துச் சொல்கிறேன்.